சிறுநீரகம் காக்கிறவருக்கு உங்கள் ஒத்தாசை

பழவேற்காடு குப்பங்களில் இருப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

மாதம் ஒருமுறை உங்கள் வீட்டு வாசலில் வந்து பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிற அக்காவை உங்களுக்குத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையில் பட்டை சுற்றி பி.பி. பார்க்கிற நர்ஸையும் தெரியும். உங்கள் சிறுநீரகம் கெடாமல் இருப்பதில் சென்னையில் உட்கார்ந்திருக்கும் பெரிய டாக்டரைவிட இந்த இரண்டு பேருக்குப் பங்கு அதிகம். ஆனால் அவர்களால் மட்டும் ஆகிற காரியம் இல்லை இது. உங்களிடமிருந்து சில விவரங்கள் வேண்டும், கொஞ்சம் நேரம் வேண்டும், ஒரு சின்ன டப்பாவில் சிறுநீர் வேண்டும். எது, எப்போது, எதற்கு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மாத்திரை கொண்டுவரும் அக்கா யார்?

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் வேலை செய்யும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்தான் அவர். பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர், மகளிர் குழுவிலிருந்து வந்தவர்.

அவருக்கு அடுத்து துணை சுகாதார நிலையத்து நர்ஸ். அதற்கடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர். பிறகு பொன்னேரி அரசு மருத்துவமனை. அதையும் தாண்டினால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை.

சிறுநீரக நோய்க்கென்றே மேற்படிப்பு படித்த நிபுணர் கடைசியில்தான் வருகிறார். நாடு முழுவதற்கும் அப்படிப்பட்டவர்கள் சில ஆயிரம் பேர்தான். அவரைப் பார்த்துவிட்டு வர உங்களுக்கு ஒரு நாள் தொழில் போகும். ஆகவே நோயை முதலில் கண்டுபிடிக்கும் வேலை உள்ளூரில் இருப்பவர் கையில்தான் இருக்கிறது.

எனக்கு வலி ஒன்றும் இல்லையே, எதற்குச் சோதனை?

சிறுநீரகம் வலித்துக் கெடுவதில்லை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் பழுதாகிவிட்டாலும் மிச்சமிருப்பவை வேலையை இழுத்துப் பிடித்துச் செய்யும். நீங்கள் வழக்கம்போலத் தொழிலுக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். கால் வீக்கம், மூச்சுத் திணறல், வாந்தி எல்லாம் வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 2.2 லட்சம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கிறது என்பது மத்திய அரசு டயாலிசிஸ் (ரத்தத்தில் சேரும் கழிவை வெளியிலிருந்து பிரித்தெடுக்கும் சிகிச்சை) திட்டத்துக்காகச் சொல்லும் கணக்கு. அவர்களில் பலருக்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சிறுநீர்ச் சோதனை செய்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும்.

யாருக்கெல்லாம் வரலாம்?

முதல் காரணம் சர்க்கரை நோய். இரண்டாவது ரத்த அழுத்தம். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரையும் ரத்தத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரக நோய் இருந்தாலும், சிறுநீரகக் கல் அடிக்கடி வந்தாலும் அப்படியே.

மூன்றாவதாகச் சந்தேகப்படுவது வெயிலை. தமிழ்நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட விவசாயக் கூலிகளைச் சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் சோதித்து, முடிவை 2025-ல் வெளியிட்டார்கள். 100 பேரில் சுமார் 5 பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை. வெயிலில் வியர்த்து உடல் வற்றுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று டாக்டர்கள் கருதுகிறார்கள். ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் இதே மாதிரி நோய் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது.

அது விவசாயிகளைப் பற்றிய ஆய்வு, மீனவர்களைப் பற்றியது இல்லை. ஆனால் நிழல் இல்லாத ஃபைபர் படகிலும், இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவும்போதும் உச்சி வெயில் ஒன்றுதான். நிகரகுவா நாட்டுக் கரும்பு வெட்டும் தொழிலாளர்களுக்குத் தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் முறையாகக் கொடுத்தபோது சிறுநீரக பாதிப்பு குறைந்தது. படகில் குடிதண்ணீர் கேன் ஒன்று கூடுதலாக ஏற்றுவதற்கு டாக்டர் சீட்டு வேண்டியதில்லை.

குச்சிச் சோதனை என்றால் என்ன?

தமிழ்நாட்டில் 2023 ஜூலையில் ‘சிறுநீரகம் பாதுகாக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம்’ தொடங்கப்பட்டது. அதன்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்க்கிறார்கள். நுனியில் மஞ்சளாக ஒரு சதுரம் இருக்கும். சிறுநீரில் புரதம் (உடம்பில் தங்க வேண்டிய சத்து) கசிந்தால் அந்த மஞ்சள் பச்சையாகும். கசிவு கூடக் கூடப் பச்சை அழுத்தமாகும். நனைத்து ஒரு நிமிடம் ஆனதும் புட்டியில் அச்சிட்ட வண்ணக் கட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நிறம் ஏமாற்றும்.

இதில் நீங்கள் என்ன உதவி செய்ய முடியும்? நான்கு விஷயங்கள் உண்டு.

ஒன்று, முடிந்தால் காலையில் எழுந்ததும் போகும் சிறுநீரைக் கொடுங்கள். இரண்டு, ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டு வந்த கையோடு கொடுக்காதீர்கள். கடுமையான உடல் உழைப்புக்குப் பிறகும், காய்ச்சலின்போதும் நல்ல சிறுநீரகத்திலிருந்துகூடக் கொஞ்சம் புரதம் வரும். மூன்று, பெண்கள் மாதவிலக்கு நாட்களில் இருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிட்டு அடுத்த வாரம் கொடுக்கலாம். நான்கு, நர்ஸ் பட்டையை எடுத்தவுடன் புட்டியை மூடுவதற்கு அவருக்கு இடமும் நேரமும் கொடுங்கள். அந்தப் பட்டைகளுக்கு ஈரக்காற்று ஆகாது. ஏரிக்கரைக் காற்றில் திறந்து கிடந்தால் மொத்தப் புட்டியும் வீணாகிவிடும். பத்துப் பேர் சுற்றி நின்று அவசரப்படுத்தினால் அதுதான் நடக்கும்.

பச்சையாக வந்துவிட்டால் நோய் உறுதியா? இல்லை. திரும்பச் சோதிப்பார்கள், ரத்தமும் எடுப்பார்கள். கோளாறு 3 மாதத்துக்கு மேல் தொடர்ந்தால்தான் அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்கிறார்கள். அதனால் இரண்டாவது சோதனைக்குக் கூப்பிட்டால் போய்விடுங்கள். முதல் சோதனை செய்துகொண்டவர் திரும்பி வராமல் போனால் நர்ஸ் செய்த வேலை அத்தனையும் அரைகுறையாக நின்றுவிடும்.

ரத்தச் சீட்டில் 1.4 என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அது கிரியேட்டினின் (தசையில் உண்டாகிச் சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு). அந்த எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுவார்கள். 25 வயது ஆணுக்கு 1.4 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் ஏறத்தாழ 71 என்று வரும். 60 வயதுப் பெண்ணுக்கு அதே 1.4 என்றால் சுமார் 43. அறுபதுக்குக் கீழே போய் 3 மாதம் அங்கேயே இருந்தால் நாள்பட்ட நோய். பதினைந்துக்குக் கீழே போனால் டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

ஆகவே சீட்டில் வயது சரியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘ஐம்பது, ஐம்பத்தஞ்சு இருக்கும்’ என்று குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். ஆதார் அட்டையைக் காட்டுங்கள். பழைய சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். இன்றைக்கு 1.4 என்பதைவிட, போன வருடம் 0.9 ஆக இருந்தது இன்றைக்கு 1.4 ஆனது என்பதுதான் டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

பி.பி. பார்ப்பதில் நான் செய்ய என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. கரையிலிருந்து ஓடிவந்து கையை நீட்டினால் எண் ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். அரைமணி நேரத்துக்கு முன்பிருந்து டீ, பீடி வேண்டாம். சிறுநீர் வந்தால் போய்விட்டு வாருங்கள். சட்டைக் கையை மடக்கி இறுக்காமல் தளர்த்திவிடுங்கள். நர்ஸ் பார்க்கும்போது பேசாதீர்கள். எண் தவறாக ஏறினால் தேவையில்லாத மாத்திரை ஏறும், பிறகு படகில் தலை சுற்றும்.

மெடிக்கலில் வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். வலை இழுத்துத் தோள் வலிக்கிறது, முதுகு பிடிக்கிறது என்று கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ஏற்கெனவே வியர்த்து உடல் வற்றியிருக்கும்போது இவற்றைப் போட்டால் கெடுதல் இரட்டிப்பு. என்றோ ஒருநாள் போட்டவரைவிட, தினமும் தொழிலுக்கு முன்னால் ஒன்று என்று பழக்கிக்கொண்டவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

‘சொன்னால் திட்டுவார்களே’ என்று மறைக்கிறவர்கள் உண்டு. மறைத்தால் நடப்பது இதுதான்: கிரியேட்டினின் ஏன் ஏறுகிறது என்று தெரியாமல் டாக்டர் வேறு மாத்திரைகளை மாற்றிப் பார்ப்பார், உங்களை சென்னைக்கு அனுப்புவார். காரணமோ உங்கள் சட்டைப் பையில் இருக்கும். சொல்லிவிட்டால் பாராசிட்டமால் அளவு குறித்துக் கொடுப்பார்கள், மேலே தடவ மருந்து கொடுப்பார்கள், பிசியோதெரபி (உடற்பயிற்சியால் வலி குறைக்கும் சிகிச்சை) சொல்லித் தருவார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்டும் உண்டு.

நாட்டு மருந்து, பஸ்பம், சூரணம், ஆன்லைனில் வாங்கிய சத்து மாவு, கடையில் போட்ட ஊசி எல்லாவற்றையும் அதே கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பரவாயில்லை. சாப்பிடும் எல்லா அட்டைகளையும், காலி அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போனால் போதும்.

மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, நிறுத்திவிடலாமா?

எண் சரியாக இருப்பது மாத்திரையால்தான். டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்றவை பிரஷரைக் குறைப்பதோடு சிறுநீரில் புரதம் கசிவதையும் மட்டுப்படுத்தும். டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை சர்க்கரைக்காக வந்தது. இப்போது சிறுநீரகத்தைக் காக்கவும் கொடுக்கிறார்கள்.

ஆனால் ஒரு சமயத்தில் மட்டும் உடனே போன் செய்து கேட்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் வந்து ஒன்றும் குடிக்க முடியாமல் இருக்கும் நாளில் மேலே சொன்ன மாத்திரைகளையும் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினையும் தொடரலாமா, இரண்டு நாள் நிறுத்தி வைக்கலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள். பேதியால் வற்றிய உடம்பில் சில மாத்திரைகள் சிறுநீரகத்தை மேலும் அழுத்தும். நர்ஸின் எண்ணை இன்றைக்கே வாங்கிச் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள். அவர் எடுக்காவிட்டால் 104-ஐ அழைக்கலாம். அது அரசின் மருத்துவ ஆலோசனை எண்.

மீன் சாப்பிடலாமா? கருவாடு?

மீனைக் கண்டாலே சிறுநீரகம் கெடும் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். நோய் ஆரம்பத்தில் இருந்தால் அளவோடு சாப்பிடச் சொல்வார்கள். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் புரதம் கூடுதலாகவே வேண்டும், அப்போது மீன் நல்லது. முள்ளோடு மென்று விழுங்கும் சின்ன மீன்களில் பாஸ்பரஸ் (எலும்பில் இருக்கும் தாதுப்பொருள்) அதிகம். அவற்றை எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவாடுதான் சிக்கல். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பு போட்டுக் காயவைத்த கருவாட்டுக் குழம்பு ஒரு வேளையிலேயே அதைத் தாண்டிவிடும். ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் உப்பு ஓரளவு குறையும், முழுக்கப் போகாது. கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதை நோயாளி வாங்க வேண்டாம். அதில் பொட்டாசியம் (இதயத் துடிப்பைப் பாதிக்கும் ஒரு தாது) கலந்திருக்கும். நோய் முற்றியவருக்கு இளநீரும் அதே காரணத்தால் ஆபத்து. உடம்பு சரியில்லை என்று பார்க்க வருகிறவர்கள் இளநீர் வாங்கி வருவது நம் பழக்கம். இந்த வீட்டுக்கு மட்டும் வேண்டாம்.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

சிறுநீரகம் நன்றாக இருப்பவர் வெயிலில் வேலை செய்தால் தாகத்துக்கு முன்பே குடிக்க வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் குடித்தது போதவில்லை. ஆனால் டயாலிசிஸில் இருப்பவருக்குச் சட்டம் வேறு. அவருக்குச் சிறுநீர் குறைவாகப் போவதால் குடித்ததெல்லாம் உடம்பில் தங்கி நுரையீரலில் ஏறும். அவருக்கு அளவு சொல்லியிருப்பார்கள். ஒரே வீட்டில் இருவருக்கும் இரு வேறு அளவு என்பதை வீட்டிலுள்ள எல்லோரும் தெரிந்துகொண்டால் நர்ஸுக்குப் பாதி வேலை மிச்சம்.

வீட்டிலேயே டயாலிசிஸ் செய்ய முடியுமா?

முடியும். வயிற்றுவழி டயாலிசிஸ் என்று ஒன்று இருக்கிறது. வயிற்றில் நிரந்தரமாக ஒரு மெல்லிய குழாய் பொருத்துவார்கள். அதன் வழியே திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்து, கழிவோடு வெளியே எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம் ஆகும். அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது மக்களைத் தேடி மருத்துவத்தின் ஒரு பகுதி. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை பஸ் ஏறிப் போக வேண்டியதில்லை என்பது குப்பத்துக்காரருக்குப் பெரிய லாபம்.

ஆனால் முடிவெடுக்கும் முன் உங்கள் வீட்டைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் நர்ஸிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஒரு பையில் பெரும்பாலும் 2 லிட்டர். மாதத்துக்கு 90 முதல் 120 பைகள் என்றால் 200 கிலோவை ஒட்டிய பாரம். வண்டி உங்கள் தெருவரை வருமா, கடைசித் தூரத்தை யார் தூக்குவது, வெள்ளம் ஏறாத உயரத்தில் அடுக்க இடம் இருக்கிறதா என்று இப்போதே யோசிக்க வேண்டும். பெட்டிகளைத் தரையில் வைக்கக் கூடாது. வெயில் படக் கூடாது.

வயிற்றில் குழாய் இருப்பவர் ஏரியிலோ கடலிலோ இறங்கக் கூடாது, கிருமி உள்ளே போய்விடும். தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் பிடிக்கிற பெண்ணுக்கு இது பிழைப்பையே மாற்றும் விஷயம். அதைச் சொன்னால்தான் எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று டாக்டர் யோசிப்பார்.

பை மாற்றும்போது வீட்டார் செய்ய வேண்டியவை சில. அந்த அரைமணி நேரம் கதவைச் சாத்துங்கள், ஃபேனை நிறுத்துங்கள். அந்த அறையில் மீன் அரிவது, வலை பின்னுவது, குழந்தை ஓடுவது எதுவும் வேண்டாம். வெளியே வரும் திரவம் தெளிவாக இருக்க வேண்டும். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிக் கலங்கியிருந்தாலோ, வயிறு வலித்தாலோ, அந்தப் பையைக் கொட்டாமல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்து என்று கண்டுபிடிக்க அந்தப் பைதான் வேண்டும்.

இயந்திர டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு ஊர் என்ன செய்யலாம்?

இதற்கு வாரம் 2 அல்லது 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் ஆகும். ரத்தம் எடுக்க வசதியாகக் கையில் ஒரு ரத்தக்குழாயை இன்னொன்றோடு அறுவை செய்து இணைத்திருப்பார்கள். அதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். அதன்மேல் விரல் வைத்தால் மெல்லிய அதிர்வு தெரியும். தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும். அதிர்வு இல்லையென்றால் அடைத்துக்கொண்டது என்று பொருள். மறுநாள்வரை காத்திருக்காமல் போன் செய்ய வேண்டும்.

அந்தக் கையில் பி.பி. பார்க்க விடாதீர்கள், ஊசி போட விடாதீர்கள். கயிற்றைச் சுற்றி இழுப்பதும், ஐஸ் பெட்டியை மடியில் அணைத்துத் தூக்குவதும் அந்தக் கைக்கு ஆகாது. புதிதாக வந்த நர்ஸுக்குத் தெரியாமல் இருக்கலாம். நோயாளியோ கூட வந்தவரோ முந்திக்கொண்டு சொல்வதுதான் உதவி.

ஒரு முறை தவறினால் டயாலிசிஸ் மையத்தில் என்ன ஆகும்? இயந்திரம் ஒன்று சும்மா நிற்கும், மறுநாள் ஏற்கெனவே நிரம்பிய பட்டியலில் டெக்னீஷியன் உங்களையும் நுழைக்க வேண்டும். இன்னொருவரின் நேரம் குறையும். பல சமயம் தவறுவதற்குக் காரணம் கூட வர ஆள் இல்லாததுதான். நம் குப்பங்களில் ஏரியில் வலை கட்ட யாருக்கு எந்த நாள் என்று ‘பாடு’ முறை போடும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதே பஞ்சாயத்து உட்கார்ந்து, நோயாளியோடு ஆஸ்பத்திரிக்கு எந்த நாள் எந்த வீட்டார் போவது என்று ஒரு முறை போட்டுவிடலாம். ஒரே மனைவியோ ஒரே மகனோ வருடக்கணக்கில் அலைந்து ஓய்ந்துபோவது இதனால் குறையும்.

புயல் வந்தால்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் எப்படி முடக்கியது என்பது நினைவிருக்கும். கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை வந்த உடனே டயாலிசிஸ் மையத்துக்குப் போன் செய்து, ஒரு நாள் முன்னதாகச் செய்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள். சாலை அடைபட்ட பிறகு கேட்டால் யாராலும் உதவ முடியாது. தவறிவிட்டால் அடுத்த முறைவரை தண்ணீர், உப்பு, பழம், இளநீர் எல்லாவற்றையும் கடுமையாகக் குறைக்க வேண்டும். எவ்வளவு என்று நர்ஸிடம் முன்பே எழுதி வாங்கி வையுங்கள். மாத்திரை, சீட்டுகள், காப்பீட்டு அட்டை மூன்றையும் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் முகாமுக்குப் போனாலும் கையோடு இருக்கும். மூச்சுத் திணறல் என்றால் 108.

செலவுக்கு வழி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். அட்டை இல்லாதவர்கள் நோய் வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ரேஷன் அட்டையில் பெயர் இல்லை, ஆதாரில் எழுத்து மாறியிருக்கிறது என்று அவசர நேரத்தில் தெரிந்தால் நர்ஸும் காப்பீட்டுப் பிரிவு ஊழியரும் சிகிச்சையை விட்டுவிட்டுக் காகிதத்தோடு போராட வேண்டியிருக்கும். சென்னையில் 1993-ல் தொடங்கிய டாங்கர் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் ஏழைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் டயாலிசிஸ் செய்ய உதவுகின்றன.

இவ்வளவு சின்ன ஏற்பாட்டால் உண்மையில் பலன் இருக்குமா?

இருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. சென்னையின் மூத்த சிறுநீரக நிபுணர் டாக்டர் எம்.கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சுமார் 25,000 பேர் வாழும் கிராமங்களில் ஒரு வேலையைத் தொடங்கினார். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் வீடு வீடாகப் போய் பி.பி. பார்த்தார்கள். சிறுநீரில் ஒரு அமிலத்தின் சில சொட்டுகளை விட்டுக் கலங்குகிறதா என்று புரதத்தைச் சோதித்தார்கள். பெனடிக்ட் கரைசலில் சூடாக்கிச் சர்க்கரையைப் பார்த்தார்கள். கோளாறு தெரிந்தவர்களை மட்டும் டாக்டர் பார்த்து விலை குறைந்த மாத்திரைகள் கொடுத்தார். இதற்கு ஆன செலவு தலைக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்க்கும் குறைவு. அந்த அனுபவம் 2003-ல் ஒரு சர்வதேச மருத்துவ இதழில் வெளியானது.

அங்கே பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. வீடு வீடாகப் போன பெண்களும், கதவைத் திறந்து சோதனைக்குச் சம்மதித்த ஜனங்களும் இருந்தார்கள்.

நர்ஸுக்கு நான் எப்படி உதவுவது?

முதலில் நேரம். ஆண்கள் ராத்திரி தொழிலுக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குகிறீர்கள். அக்கா பகலில் வந்து மூடிய கதவைப் பார்த்துவிட்டுப் போகிறார். ஏலம் முடிந்து எல்லோரும் கரையில் இருக்கும் நேரம் எது என்று ஊர் கூடி அவரிடம் சொல்லுங்கள். உட்கார ஒரு நிழலும் ஒரு மேசையும் போட்டுக் கொடுங்கள். ஒரே வாரத்தில் ஊரில் பாதிப் பேரைப் பார்த்துவிடுவார்.

அடுத்தது காகிதம். சென்னை மருத்துவமனையில் கொடுத்த சீட்டை வீட்டுப் பெட்டியில் பூட்டாதீர்கள். அதை நர்ஸிடம் காட்டினால்தான் பெரிய டாக்டர் மாற்றிய மாத்திரையை அவர் இங்கே தொடர முடியும். அவசரமில்லாத சந்தேகத்துக்கு, சுகாதார நிலையத்திலிருந்தே தொலைவிலுள்ள டாக்டரோடு வீடியோவில் பேசும் இ-சஞ்சீவனி சேவையைக் கேட்டுப் பாருங்கள். அதற்கும் அந்தச் சீட்டு வேண்டும்.

மூன்றாவது, கேட்க வேண்டிய இடத்தில் கேட்பது. சோதனைப் பட்டை தீர்ந்துவிட்டது, கிரியேட்டினின் பார்க்க வசதி இல்லை, மாத்திரை 30 நாளுக்குப் பதில் 15 நாளுக்குத்தான் வந்தது என்றால் நர்ஸிடம் சத்தம் போட்டுப் பயனில்லை. அவர் கேட்டும் வராததுதான் அது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. என்ன பற்றாக்குறை என்று நர்ஸிடம் முன்பே கேட்டு எழுதிக்கொண்டு போய், சபையில் தீர்மானமாகப் போடுங்கள். அவர் தன் மேலதிகாரியிடம் தனியாகச் சொல்வதைவிட ஊர்த் தீர்மானத்துக்கு எடை அதிகம்.

அடுத்த தடவை அக்கா வருவதற்கு முன்னால் ஒரு கவர் எடுங்கள். அதில் எல்லா மாத்திரை அட்டைகள், பழைய ரத்தச் சீட்டுகள், ஆதார் நகல், காப்பீட்டு அட்டை நான்கையும் போடுங்கள். வலி மாத்திரை அட்டையை மேலாகத் தெரிகிற மாதிரி வையுங்கள். அவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.